பத்து மணிக்கு மலையிறங்கியவள்

1

கோபத்தோடு எழுத உட்காரக்கூடாது என்பார்கள். நான் கோபம் வராமல் எழுத உட்கார்ந்ததே இல்லை. ஊரில் இருக்கிற நீங்கள் வாசிப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கே இருப்பவர்களுக்குச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுக் கோப்பி ஊற்றிக் கொடுப்பார்கள்.

நான் இருப்பது நோர்வேயில், பேர்கன் என்கிற மழை விடாத நகரத்தில். கண்டியில் வளர்ந்தவனுக்கு மழை புதிதல்ல. ஆனால் கண்டி மழை வந்த வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். இங்கத்தைய மழை வந்தால் குந்திக்கொள்ளும். அந்த மழைக்குள் வேலை நாட்களில் பதினொரு மணியாகும்போது பிள்ளை வண்டிலைத் தள்ளிக்கொண்டு ஒரு காப்புறுதிக் கம்பெனியின் வாசலுக்குப் போவேன். என் மனைவி ஆரணி அங்கே நாலாம் மாடியில் வேலை செய்கிறாள். மகன் கவின் கைக்குழந்தை. நான் வீட்டிலிருந்து வேலை செய்பவன் என்பதால் பகலில் அவன் என் பொறுப்பு. வேலை நேரத்துக்குள் பிள்ளைக்குப் பால் கொடுக்க இந்த நாட்டுச் சட்டம் தாய்க்கு நேரம் தருகிறது. அதற்காகச் சம்பளத்தில் கை வைக்கமாட்டார்கள். ஆரணி இறங்கி வருவாள், ஒரு சின்ன அறைக்குள் போவாள், பிள்ளையின் வயிறு நிரம்பியதும் என்னிடம் தந்துவிட்டு மேலே போவாள். யாரும் தலை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

முதல் நாள் மட்டும், வரவேற்பில் இருந்த பெண் என் நிறத்தையும் மழைச் சட்டையையும் பார்த்துவிட்டு, சாப்பாடு கொண்டுவந்தீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சாப்பாடு மேலே இருக்கிறது, சாப்பிடுகிற ஆளைத்தான் கொண்டுவந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் சொன்னேன். அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் ரிஸானாவின் அழைப்பு வந்தது. ரிஸானா அலவத்துகொடக்காரி. கண்டியில் நான் ஆலோசகராக இருக்கிற குழந்தைப் போஷாக்குத் திட்டத்தில் கள அலுவலர். சும்மா சுகம் விசாரிக்க போன் எடுக்கிற ஆள் இல்லை.

"அண்ணன், நாங்க படம் எடுத்த செல்வராணிக்கு அரைப்பேர் போட்டீக்கி," என்றாள்.

"எதுக்கு?"

"பத்து மணிக்குப் புள்ளைக்குப் பால் குடுக்க எறங்கினதுக்கு. ஒரு நாள் இல்ல, மூணு நாள். இப்ப மேல் மலைக்கு மாத்தியும் ஈக்கி."

தேயிலைத் தோட்டத்தில் ஒரு முழு நாள் வேலையைப் 'பேர்' என்று சொல்வோம். அரைப்பேர் என்றால் உழைத்த நாளில் பாதியை இல்லையென்று ஆக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். நான் அந்தப் பேரில் வளர்ந்தவன். எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அதற்குள் ஆரணி இறங்கி வந்துவிட்டாள். கவினைத் தூக்கிக்கொண்டே, "என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

2

என் தொழில் பலருக்கு விளங்குவதில்லை. நான் வைத்தியன் இல்லை. பிள்ளைகள் மெலியாமல் வளர என்ன செய்யவேண்டும் என்று வைத்தியர்கள் சொல்வதை, சனங்களுக்கு விளங்கும் தமிழில் சுவரொட்டியாகவும் வானொலி நிகழ்ச்சியாகவும் குறும்படமாகவும் ஆக்கிக் கொடுப்பவன். பிள்ளைகளுக்காக அதிகாரத்தில் உள்ளவர்களிடம் பரிந்து பேசுவதும் என் ஒப்பந்தத்தில் இருக்கிறது. முதல் வேலையைச் செய்தால் கைதட்டுவார்கள். இரண்டாவதைச் செய்யத் தொடங்கினால், தொண்டையைச் செருமிக்கொண்டு நிகழ்ச்சி நிரலில் அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார்கள்.

நான் ஹேவாஹெட்டப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயம் ஒன்றில் பிறந்தவன். கண்டியில் படித்து, வானொலியில் கொஞ்ச காலம் குப்பை கொட்டி, கலியாணம் கட்டி நோர்வேக்கு வந்தவன். கண்டியில் இருந்த காலத்தில் இதே வேலைக்கு என்னை 'உள்ளூர் வளவாளர்' என்றார்கள். பேர்கனில் சில வருடம் பனியில் வழுக்கி விழுந்து எழும்பிய பிறகு 'சர்வதேச ஆலோசகர்' என்கிறார்கள். மண்டைக்குள் இருப்பது அதே சரக்குத்தான். ரிஸானா ஊரை விட்டுப் போகாதபடியால் இன்னும் உள்ளூர் ஆள். லயம் லயமாக ஏறி இறங்குவது அவள். கூட்டத்தில் முன்வரிசைக் கதிரை எனக்கு.

கண்டி வாவிக்கு மேலே ஒரு வாடகை வீட்டில் திட்ட அலுவலகம். ரிஸானாவின் அழைப்புக்குச் சில வாரம் முன் அங்கே போயிருந்தேன். அங்கே வல்லுநர்கள் கூடி முடிவெடுத்த கருத்தை நான் வசனமாக எழுதினேன்: "முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். வேலைக்குப் போகும் தாயும் பத்து மணிக்கு வந்து பால் கொடுக்கலாம்." எழுதும்போதே கேட்டேன், பத்து மணிக்கு அவளை யார் இறங்க விடுவது என்று. தோட்ட நிருவாகத்துடன் பேசியாயிற்று, நீங்கள் படத்தை எடுங்கள் என்றார்கள்.

எடுத்தேன். ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்தைப் பிள்ளைக் காம்பரா என்போம். நாங்கள் போனபோது காம்பராச் சுவரில் பெயின்ட் மணம் போகவில்லை. தொட்டிலுக்குக் கட்டிய சேலைகள் எல்லாம் புதிதாகத் துவைத்திருந்தன. பத்து மணிக்கு, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை குரல் கொடுக்க, பால் கொடுக்கும் பெண்கள் வரிசையாக இறங்கி வந்தார்கள். அவர்களில் ஒருத்திதான் செல்வராணி. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்து, துவாயால் மறைத்துக்கொண்டு மகனுக்குப் பால் கொடுத்தாள். அவனுக்கும் என் கவின் வயதுதான். குடித்த வேகத்தில் அவன் காதுமடல் ஆடியது. அதைத்தான் கிட்டப்போய் எடுத்தேன். முழுப் படத்திலும் எனக்குப் பிடித்த காட்சி அது.

பிறகு தோட்டத்தை நிருவகிக்கும் பெரிய துரை மைக்கைப் பிடித்தார். பாதி தமிழும் பாதி சிங்களமுமாகப் பேசினார். "இனிமே நம்ம தோட்டத்தில் அம்மாமார் பத்து மணிக்கு எறங்கி வந்து புள்ளைக்குப் பால் குடுக்கணும். அது புள்ளையோட உரிமை," என்றார். எல்லோரும் கைதட்டினோம். பிஸ்கட் பெட்டி கொடுத்தார்கள். கூட வந்தவர்கள் வாகனம் ஏறுமுன் தேயிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

3

தோட்டத்தில் வேலை செய்யாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அங்கே வேலை உத்தரவு கடதாசியில் வராது. விடியற்காலை பிரட்டுக்களத்தில் எல்லோரையும் நிற்க வைத்து வாயால் சொல்வார்கள். இன்றைக்கு எந்த மலை, எத்தனை கிலோ, யார் செடி வெட்டும் கவ்வாத்து, எல்லாம் வாய்ச்சொல். சொன்னால் அதுதான் சட்டம். பெரிய துரை வாயால் ஒன்று வந்துவிட்டால் அதற்கு மேலே கேள்வி கிடையாது. ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அப்படிப் பழகியிருக்கிறார்கள்.

ஆகவே பெரிய துரை மைக்கில் சொன்னது விருந்தாளிகளுக்கான பேச்சு என்று செல்வராணிக்கு எப்படித் தெரியும்? அவள் அதை உத்தரவு என்று எடுத்துக்கொண்டாள். மறுநாள் பத்து மணிக்குக் கூடையை வைத்துவிட்டு மலையிறங்கத் தொடங்கினாள். மற்றப் பெண்கள், யாராவது முதலில் போகட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கணக்கப்பிள்ளை மறித்திருக்கிறார். "எங்க போற?"

"புள்ளைக்குப் பால் குடுக்கங்க. தொர சொன்னாருங்களே."

"அது நேத்து."

இதை ரிஸானா என்னிடம் இரண்டு தரம் சொன்னாள். அது நேத்து. சுவரொட்டி அச்சடித்து, வல்லுநர்களைக் கூட்டி, என்னைக் கடல் தாண்டி வரவழைத்து, நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்த வேலைக்கு அந்த மனுசன் இரண்டு சொல்லில் அர்த்தம் சொல்லிவிட்டார்.

மறித்தும் செல்வராணி அன்றைக்கு இறங்கினாள். பின்னேரம் அரைப்பேர். அடுத்த நாளும் இறங்கினாள். தொர வந்து இல்லன்னு சொல்லட்டும்ங்க என்றாளாம். துரை எங்கே வரப்போகிறார்? மூன்றாம் நாளும் அரைப்பேர். நாலாம் நாள் காலையில் அவளைக் காம்பராவுக்குக் கிட்டிய மலையிலிருந்து எடுத்து மேல் மலைக்குப் போட்டார்கள். அங்கிருந்து இறங்கிப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி ஏறினால் மத்தியானம் ஆகிவிடும். இனி அவள் இறங்கமாட்டாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

"ஒப்பிஸ்ல சொன்னியா?" என்று கேட்டேன்.

"சொன்னேன் அண்ணன். பாப்பம் என்டாங்க. மூணு தரம் பாப்பம் என்டாங்க. அதுக்குப் பொறகுதான் ஒங்களுக்கு எடுக்கிறன். அந்தப் புள்ள நம்மளை நம்பித்தானே எறங்கினது."

4

திட்டப் பணிப்பாளருக்கு எழுதினேன். மிகவும் மரியாதையான மனுசி. அந்த மரியாதைதான் எனக்கு முதலில் கோபத்தைக் கிளப்பியது. இரண்டு நாளில் பதில் வந்தது. விடயம் கவலைக்குரியது, ஆனால் தொழில் பிணக்குகள் எமது பணிப்பரப்புக்குள் வருவதில்லை, எமது செய்தி தாய்மாருக்கானது, குறும்படத்தை எப்போது எதிர்பார்க்கலாம்.

செய்தி தாய்மாருக்கானதாம். செய்தியைக் கேட்டு அதன்படி நடந்த ஒரே தாய்க்குத்தான் தண்டனை கிடைத்திருக்கிறது. அது பணிப்பரப்புக்கு வெளியே.

விடவில்லை. இணையவழிக் கூட்டம் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். போஷாக்கு வல்லுநர் ஒருவர் நல்ல யோசனை ஒன்றோடு வந்திருந்தார். தாய் காலையிலேயே பாலைப் பீய்ச்சிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகலாமே, அதையும் ஒரு சுவரொட்டியாகப் போட்டால் நல்லது என்றார்.

"எந்தக் குளிர்சாதனப் பெட்டியில்?" என்று கேட்டேன்.

ரிஸானாதான், "காம்பராவில ஒரு மண்ணெண்ணெய் அடுப்புத்தான் ஈக்கி மேடம்," என்றாள். அது நல்லதொரு அவதானிப்பு, குறித்துக்கொள்கிறோம் என்றார்கள்.

எனக்கு இந்த வேலையில் பல வருடப் பழக்கம். பிள்ளை மெலிந்தால் தாயைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் படிப்பிப்போம். முட்டை கொடு, கீரை கொடு, கையைக் கழுவு, பாலை நிறுத்தாதே. அவளும் சேலைத் தலைப்பால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். அவளை மலையில் பிடித்து வைத்திருக்கிறவனுக்கு ஒரு சுவரொட்டி கிடையாது, ஒரு செயலமர்வு கிடையாது, ஒரு பாட்டு கிடையாது. பால் கொடுக்கும் தாய்க்கு வேலைக்கிடையில் நேரம் கொடுக்கவேண்டும் என்று நம் நாட்டுச் சட்டத்திலும்தான் இருக்கிறது. நோர்வேயைப் பார்த்து வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. இங்கே அந்தச் சட்டம் நாலாம் மாடியிலிருந்து மின்தூக்கியில் இறங்கி வருகிறது. அங்கே அதை இறங்கவிடாமல் மறிக்கிறார்கள்.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை. மேசையில் குத்தியதில் கவின் எழும்பி அழுதான். உங்கள் உணர்ச்சியை மதிக்கிறோம் என்றார் பணிப்பாளர். அந்த வசனத்தை யாராவது என்னிடம் இன்னொரு தரம் சொன்னால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

5

அன்று பின்னேரம் மூத்தவள் மாயா பள்ளிக்கூடத்தால் வந்து, என் கணினியில் ஓடிக்கொண்டிருந்த படத்தை எட்டிப் பார்த்தாள். பிள்ளையை ஏன் துணிக்குள் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள். அது தொட்டில், அப்பாவும் அப்படி ஒரு காம்பராவில்தான் கிடந்து வளர்ந்தேன் என்று தமிழில் சொன்னேன். பொய் என்று சிரித்துவிட்டு ஓடிவிட்டாள். அவளுக்கு என் ஊர், கணினிக்குள் இருக்கிற ஏதோ ஒரு நாடு. அதற்கும் கோபம் வந்தது. அது அவள் பிழையில்லை என்று தெரிந்தும் வந்தது.

ஆரணி யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்து, சின்ன வயதிலேயே இங்கே வந்தவள். சாப்பிடும்போது எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன்.

"சட்டம் இருக்கெண்டு சொல்லுறீங்கள். பிறகேன் அவ பயப்பிடுறா?" என்று கேட்டாள். "துரைக்கு ஒரு ஈமெயில் போட்டாச் சரிதானே."

"உனக்கு இது விளங்காது."

"ஓம், விளங்காதுதான். நான் கேட்டு வாங்கின உரிமை இல்லை இது. நான் வேலைக்குச் சேர முதலே இருந்தது." கொஞ்ச நேரம் சாப்பிட்டாள். பிறகு, "கோவத்தை என்னில காட்டாதேங்கோ. அவைக்கு என்ன வேணும்? படம்தானே? அது ஆரிட்ட இருக்கு?" என்றாள்.

படம் என்னிடம்தான் இருந்தது. மூன்று நாளாக மேசையில் குத்திக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவில்லை.

அந்த வாரம் அம்மாவோடும் பேசினேன். அம்மா இப்போது அண்ணனோடு திகனையில் இருக்கிறாள். கொழுந்து பறித்து எங்களை வளர்த்தவள். விடயத்தைக் கேட்டுவிட்டு, "எங்க காலத்துல கங்காணியே சத்தம் போடுவாருடா, பாலு குடுக்குறவங்க எறங்குங்கன்னு," என்றாள். "ஒன்னய அப்பிடித்தான் வளத்தேன். இந்தக் கிலோக் கணக்க ஏத்துனதுக்கப்புறம் எல்லாம் போச்சு." போனை வைத்த பிறகு எனக்கு இன்னும் வெறி ஏறியது. அந்தக் காலத்துத் தோட்டத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை. அந்தக் காலமே கொடுத்ததை இந்தக் காலம் பிடுங்கி வைத்திருக்கிறது.

6

பணிப்பாளருக்கு மறுபடி எழுதினேன். படம் தயார், ஆனால் அதில் அந்தப் பத்து மணி வசனம் பொய், அது உண்மையாகும்வரை அனுப்பமாட்டேன். இவ்வளவுதான். நான் முதலில் எழுதியதில் வேறு சொற்களும் இருந்தன. ஆரணி அழித்துவிட்டாள்.

மரியாதை அதோடு முடிந்தது. ஒப்பந்தத்தின் எத்தனையாவது பிரிவை மீறுகிறேன் என்று எழுதினார்கள். இனி எந்த நிறுவனமும் என்னைக் கூப்பிடாது என்று ஒருவர் நட்புரிமையோடு அறிவுரை சொன்னார். ரிஸானாவைக் கூப்பிட்டு, வெளிநாட்டு ஆலோசகரிடம் அலுவலகக் கதைகளைச் சொல்லவேண்டாம் என்றார்கள். அவள் அன்றிரவே அதையும் எனக்குச் சொன்னாள். கண்டி ஹோட்டல் ஒன்றில் வைத்திருந்த வெளியீட்டு விழா ஒரு தடவை தள்ளிப்போனது. முக்கிய பிரமுகர்களுக்கு அழைப்பிதழ் போய்விட்டதால் இரண்டாம் தடவை தள்ளிப்போட முடியவில்லை. அப்போதுதான் பணிப்பாளர் தோட்டக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தோடு உண்மையாகப் பேசினார். தொழில் பிணக்கு பணிப்பரப்புக்குள் வந்துவிட்டது.

எல்லாம் முடிய இரண்டு மாதம் ஆனது. பிரட்டுக்களத்தில் எல்லோரையும் நிற்க வைத்து உத்தரவு சொன்னார்கள். பால் கொடுக்கும் தாய்மார் பத்து மணிக்கு இறங்கலாம், பேர் குறையாது, அவர்களுக்குக் காம்பராவுக்குக் கிட்டிய மலை. ரிஸானா விடியவே வான் பிடித்துப் போய், களத்தில் நின்று தன் காதால் கேட்டாள். கணக்கப்பிள்ளைதான் சொன்னாராம். அதே கணக்கப்பிள்ளை.

பணிப்பாளர் எனக்கு எழுதினார், இது நாம் அனைவரும் சேர்ந்து பெற்ற வெற்றி என்று. நாம் அனைவரும். அதை வாசித்துவிட்டு மழைக்குள் வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

பிறகு செல்வராணிக்கு அழைப்பு எடுத்தேன். அவள் கணவனின் போன். அங்கே பொழுது பட்டிருந்தது. பின்னால் தொலைக்காட்சிச் சத்தமும் பிள்ளையின் சிணுங்கலும் கேட்டன.

"இனிமே பத்து மணிக்கு எறங்கலாம் தங்கச்சி," என்றேன். "பேர வெட்ட மாட்டாங்க."

"ஆமாங்கண்ணே. களத்துல சொன்னாங்க. எல்லாருக்கும் சந்தோசம். பக்கத்து வீட்டு லெட்சுமிக்கு வார மாசம் புள்ள பொறக்கப் போகுதுங்க. அவளுக்கு ஒதவும்."

"ஒனக்கும்தானே."

பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது.

"எனக்குப் பால் நின்னுபோச்சுங்கண்ணே."

அவளே சொன்னாள். "மேல் மலைக்குப் போன புதுசுல மாரு கட்டிக்கிட்டு ஒரே வலிங்க. சட்டையெல்லாம் நனஞ்சிரும். யாரும் பாக்காம திரும்பி நின்னு தேயிலைத் தூருல பீச்சி விடுவேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் கொறஞ்சு, இப்ப சுத்தமா இல்ல. மாப்பால்தான் கரைச்சுக் குடுக்குறோம். குடிக்கிறான். முன்ன மாதிரித் தேறல."

எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. பெரிய துரையைப் பார்த்து, பணிப்பாளரைப் பார்த்து, பாப்பம் பாப்பம் என்று சொன்ன ஒவ்வொருவரையும் பார்த்து. இரண்டு மாதம் அவர்கள் கடிதம் எழுதினார்கள், நானும் எழுதினேன். அவள் மலையில் திரும்பி நின்று பாலை மண்ணில் விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். போனுக்குள் கத்தினால் அவளுக்குத்தான் கேட்கும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன் தங்கச்சி."

"ஒண்ணு கேக்கலாங்களா? அன்னைக்கு எடுத்த அந்தப் படத்த எனக்கு அனுப்புவீங்களா? அவன் எங்கிட்டப் பால் குடிச்சதுக்கு வேற படம் இல்லைங்க."

அப்போதே அவள் கணவனின் போனுக்கு அனுப்பினேன். திட்டத்துக்கு மறுநாள்தான் அனுப்பினேன்.